கால் இல்லாத சிறுகோள்

அன்புள்ள மீனா,

"அம்மா, உனக்குச் சிறுகோள் செய்யத் தெரியுமா?" என்று நீ தொலைபேசியில் கேட்டபோது நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியே காலத்தைக் கழித்தவளிடம் எத்தனையோ கேள்விகள் வந்திருக்கின்றன. சிறுகோள் எங்கே இருக்கிறது, பூமியில் விழுமா, விழுந்தால் நம் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்களா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் பாறைகள் என்று சொல்லி, கரும்பலகையில் சாக்பீஸால் புள்ளி புள்ளியாகக் குத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். செய்யத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. "எதுக்குடி?" என்றேன். "வெள்ளிக்கெழம அவுக வர்றாகல்ல, அதுக்குத்தான்" என்றாய். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிளறுவார்கள், வடை சுடுவார்கள். சிறுகோள் செய்த வீடு காரைக்குடியில் நம் வீடாகத்தான் இருக்கும்.

நீ போட்ட நிபந்தனை அப்படி. பெங்களூரில் வேலை முடிந்த மாலைகளில் நண்பர்களோடு மேசைமேல் ஆடுவாயே, அந்த விண்கப்பல் ஆட்டம், அதை மாப்பிள்ளை உன்னோடு ஒரு தடவை ஆடவேண்டும் என்றாய். "அரை மணி நேரம் மூஞ்சியப் பாத்துப் பேசினா எல்லாரும் நல்லவங்கதாம்மா. ஒரு ஆட்டம் ஆடினாத்தான் ஆளு தெரியும்." பாறைகளை வைத்திருந்த உன் தோழி அறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள், கப்பல்களும் பகடையும் உன் பையில் வரும், பாறைகளை நான் செய்து வைக்கவேண்டும். அன்றைக்கு ஆரம்பித்த பரபரப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. தை பிறந்தால் உன் கல்யாணம். இந்தக் கடிதத்தைக்கூட அடுப்படி மேடையில் நின்றபடி கொஞ்சம், மாடியில் துணி காயப்போட்ட இடத்தில் கொஞ்சம் என்று இடம் மாறி மாறித்தான் எழுதுகிறேன். பெண் பார்க்கும் நாட்கள் எல்லா வீடுகளிலும் வரும் என்பதால் மற்றவர்களும் படிக்கட்டும் என்று நினைத்தேன். உன்னிடமும், உன்னைப் பெண் பார்க்க வந்த சேதுவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும்.

முதல் சிறுகோள்களை நான் பணியாரக் கல்லில் செய்தேன். முட்டை அட்டைகளைக் கிழித்து வெந்நீரில் ஊறப்போட்டு, பிழிந்து, வெள்ளைப் பசை சேர்த்துச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்துவிட்டேன். வெளியே கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. வெயிலுக்கு எங்கே போவது? பரணில் கிடந்த பழைய பணியாரக் கல் நினைவுக்கு வந்தது. குழிகளில் கூழை அழுத்தி, அடுப்பைச் சிறுதீயில் வைத்துக் காயவிட்டேன். இரண்டு அரை உருண்டைகளைச் சேர்த்து ஒட்டி, ஈரக் கையால் தடவித் தடவி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஆக்கினேன். வரிசையாகத் தாம்பாளத்தில் அடுக்கியபோது எனக்கே பெருமையாக இருந்தது. வீடியோ காலில் உனக்குக் காட்டினேன். நீ திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாய். பிறகு, "அம்மா, இது பலகாரம். பாகு காச்சி ஊத்தினா திங்கலாம்" என்றாய். நம் ஊர்க்காரர்களுக்கு வரும் தப்பு இது. சுவரைப் பூசினால் முகம் தெரியவேண்டும், சீடை உருட்டினால் ஒன்று போல் ஒன்று இருக்கவேண்டும். மேடு பள்ளமாக ஒன்றைச் செய்து வை என்றால் நம் கை கேட்காது.

"சிறுகோள் ஏன் உருண்டையா இருக்காதுன்னு நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த?" என்று கேட்டாய். சொல்லிக் கொடுத்தவள் நான்தான். பூமி பெரியது, தன் எடையாலேயே தன்னை எல்லாப் பக்கமும் உள்ளே இழுத்து உருட்டிக்கொள்ளும். சிறிய பாறைக்கு அந்த இழுப்பு கிடையாது. எப்படி உடைந்ததோ, எங்கே அடிபட்டதோ, அந்த வடிவத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதை எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேன்! வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

அடுத்த கூத்து உன் அப்பாவுடையது. டிவி வந்த பெட்டியின் தெர்மாகோலை நான் கையாலேயே உடைத்து வைத்திருந்தேன், கத்தி பட்டால் வெட்டிய பக்கம் வழவழப்பாகிவிடும் என்பதால். அப்பா தன் இரும்புச் சாமான் கடையிலிருந்து கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவோடு வந்தார். "நீ பிரஷ்ஷ வச்சுக்கிட்டு எப்ப முடிப்ப? தள்ளு" என்று ஒரு பீச்சுப் பீச்சினார். தெர்மாகோல் பொசபொசவென்று உள்வாங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி விழுந்து, குழிக்குள் குழி விழுந்து, பாதிக் கல் காணாமல் போனது. அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தன வருசமா விக்கிறேன், தெர்மாகோலத் திங்கும்னு ஒரு பய சொல்லலையே." அவருக்கு வருத்தம். எனக்கோ அந்தக் குழிகளைப் பார்த்ததும் கை பரபரத்தது. பசை தடவிக் காயவைத்த இடத்தைப் பெயிண்ட் தின்னாது, தடவாத இடத்தைத் தின்னும் என்று அடுத்த துண்டில் கண்டுபிடித்தோம். எங்கே குழி வேண்டுமோ அங்கே பசை தடவாமல் விட்டுவிட்டால் போதும். முட்டை அட்டைக் கூழை மேலே அப்பி, ஈரமாக இருக்கும்போதே ரசக்கரண்டியின் முதுகாலும் பேனா மூடியாலும் அழுத்தினேன். காய்ந்த தேயிலைச் சக்கையைத் தூவினால் அச்சாகச் சரளைக்கல். எல்லாவற்றுக்கும் கறுப்பு அடித்தபிறகு, சாம்பல் நிறத்தைப் பிரஷ்ஷில் தொட்டுப் பழந்துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒட்டியும் ஒட்டாமலும் இழுத்தேன். மேட்டில் மட்டும் நிறம் ஏறியது, பள்ளம் இருட்டாகவே நின்றது. அந்த நிமிடம் அது கல்லாகிவிட்டது, மீனா. கையில் எடுத்தால் மட்டும் காற்று மாதிரி இருந்தது.

நிற்பதற்குக் கால் வேண்டுமே. கடையிலிருந்து பெரிய வாஷர்களும் கம்பித் துண்டுகளும் கொண்டுவந்து, வாஷரை அடியில் வைத்துக் கம்பியைக் கல்போல் இறுகும் புட்டிப் பசையால் ஒட்டி, கல்லை மேலே குத்தினோம். மேசையில் மிதப்பது போல் நின்றன. கடைசி ஒன்றுக்கு வாஷர் போதவில்லை. அது அந்தப் பணியார உருண்டைகளில் ஒன்று. வீணாக்குவானேன் என்று அதற்கும் நிறம் அடித்திருந்தேன். ஓரமாகக் கிடக்கட்டும் என்று கால் இல்லாமலேயே விட்டுவிட்டேன். உன் ராணி அத்தை வந்து பார்த்துவிட்டு, தம்பி வீடு என்ற உரிமையோடு சொன்னாள்: "பொண்ணு பாக்க வர்றவகளுக்கு வடை வைப்பாக, கல்லு வைக்கிறாகளே."

வெள்ளிக்கிழமை வந்தார்கள். சேது, அவருடைய அம்மா, பெரியப்பா, மூன்று பேர்தான். அப்பா மலைக்குக் கட்டும் கறுப்பு வேட்டியைத் துவைத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்திருந்தோம். நீ கல் ஒவ்வொன்றையும் அதனிடத்தில் வைத்து, அதைச் சுற்றி என் சாக்பீஸால் மெல்லிய வட்டம் போட்டாய். சேது மோவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க, விதிகளைச் சொன்னாய். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கப்பல்களைக் கொண்டுபோகவேண்டும். பகடை சொல்லும் தூரத்தைக் குச்சியால் அளந்து நகர்த்தவேண்டும். கல்லைத் தொட்டால் கப்பல் போச்சு. கை பட்டோ மேசை ஆடியோ கல் நகர்ந்துவிட்டால், மறுபடி வட்டத்துக்குள் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரவேண்டும். கடைசி விதியை நீ இரண்டு தடவை சொன்னாய்.

"எங்க காலத்துல பொண்ணப் பாடச் சொல்லுவாக. இப்ப ராக்கெட்டு விடச் சொல்றாக" என்றாள் ராணி அத்தை. "விடட்டும் மதினி. பாடினா நாம வாயத் தொறக்காம கேக்கணும். இதுல வடையாச்சும் திங்கலாம்" என்றார் சேதுவின் அம்மா. எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று. பெரியப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு மேசையோடு ஒட்டிக்கொண்டார். "இந்தக் கல்லுக்குள்ள பூந்து வரணுமாக்கும்? நம்ம சந்தைப்பேட்டைக்குள்ள வண்டிய விடுற மாதிரில்ல இருக்கு." ஆட்டம் சூடுபிடித்தது. ஆளுக்கு ஒரு கப்பல்தான் மிச்சம். சேதுவின் நீலக் கப்பல் கரையை நெருங்கிவிட்டது, இன்னும் ஒரு வீச்சில் ஏறிவிடும். நீ காபி டம்ளரை என்னிடம் கொடுக்கத் திரும்பினாய். பெரியப்பா இன்னொரு வடைக்கு எழுந்தார், மேசையில் கை ஊன்றி. மேசை ஆடியது. கால் வைத்த கல்லெல்லாம் நின்றது. கால் இல்லாத என் பணியார உருண்டை மட்டும் வட்டத்தை விட்டு நிதானமாக உருண்டு போய் நீலக் கப்பலை இடித்துக்கொண்டு நின்றது.

நான் பார்த்தேன். சேதுவும் பார்த்தார். நீ திரும்பியபோது கல் கப்பலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, சாக்பீஸ் வட்டம் காலியாக இருந்தது. "தொட்டுருச்சு. நீங்க ஜெயிச்சுட்டீக" என்றார் சேது, சிரித்துக்கொண்டே. "நல்லாப் பாருங்க" என்றாய் நீ. "பாத்துட்டேன். தோத்துட்டேன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பெரியப்பா, "இப்பவே தோக்கப் பழகிட்டான், பொழைச்சுக்குவான்" என்றார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஆட்டத்திலேயே விட்டுக்கொடுக்கிற பிள்ளை, வாழ்க்கையில் எவ்வளவு விட்டுக்கொடுப்பான் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டேன்.

அவர்கள் கார் தெரு திரும்பியதும் நீ கல்லை எடுத்து வட்டத்துக்குள் வைத்தாய். "வேணாம்மா" என்றாய். எனக்குப் புரியவில்லை. "விட்டுக்குடுக்குற மனசுடி. எத்தன ஆம்பளைக்கு வரும்?" "அவரு விட்டுக்குடுக்கலம்மா. விட்டுக்குடுக்குறதுன்னா, 'கல்லு நகந்துச்சு, ஆனாலும் நீங்களே வச்சுக்கங்க'ன்னு சொல்லணும். அத எடுக்குறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணுவேன். இவரு தோத்த மாதிரி நடிச்சாரு. நான் கேட்டும் நடிச்சாரு. நாளைக்கு நான் வச்ச கொழம்பு நல்லாருக்கான்னு கேட்டா நல்லாருக்கும்பாரு. நான் எடுத்த முடிவு சரியான்னு கேட்டாச் சரிம்பாரு. நான் யாரு கூட இருக்கேன்னே எனக்குத் தெரியாது." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய்: "நீயும் அப்பாவும் இத்தன வருசத்துல ஒரு தடவையாச்சும் நெசமா ஆடியிருக்கீகளா?" பதில் இல்லாத கேள்வியோடு வாத்தியார்களால் சும்மா உட்கார முடியாது.

ராணி அத்தை வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். "என்ன கொறைன்னு சொல்றது? தோத்துப் போயிட்டாருன்னா? சாதகம் பொருந்தலைன்னு சொல்லி முடிச்சுவிடுங்க. அதுக்குத்தான சாதகம்னு ஒண்ணு இருக்கு." நம் பக்கத்து வழக்கம் அதுதான். வேண்டாம் என்றால் காரணம் சொல்லமாட்டோம், கிரகங்கள்மேல் போட்டுவிடுவோம். யாருக்கும் மனம் நோகாது, யாருக்கும் எதுவும் தெரியவும் வராது. நீ பெங்களூருக்குக் கிளம்பிவிட்டாய். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். பீரோவைக் காலி செய்து அடுக்கினேன். பிறகு வழக்கம்போல் கடைக்குப் போனேன்.

ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் கடைக்குப் போவேன் அல்லவா, அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று. எனக்கென்று ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு ஸ்க்ரூ டப்பாக்களை அளவு வாரியாக மாற்றிக்கொண்டே கேட்டேன், "நான் இங்க வர்றது ஒங்களுக்கு ஒத்தாசையா, எடஞ்சலா? நெசத்தச் சொல்லுங்க." அப்பா ஒரு ஆளுக்குக் கீல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளிடம் காசை எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டார். "இல்ல, நீ வந்தா நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் அவரையே பார்த்தேன். "எடத்த மாத்தி மாத்தி வச்சுர்ற. கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன் முன்னாடி. இப்பத் தேடுறேன்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. "அப்பொறம் ஏன் நாற்காலி போட்டீக?" "வீட்டுல ஒத்தையில இருந்தா நீ நொந்து போவியேன்னு." நான் அவருக்காக வந்துகொண்டிருந்தேன், மீனா. எனக்கு மாடியில் செடி வைக்கவேண்டும், நூலகத்துக்குப் போகவேண்டும் என்று ஆசை இருந்தது. அவர் எனக்காக நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் ஜெயிக்கவிட்டு இருவரும் தோற்றுக்கொண்டிருந்தோம். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. நீ சொன்னது என்ன என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

அன்று பிற்பகலே சேதுவின் அம்மாவைக் கூப்பிட்டேன். சாதகத்தை இழுக்கவில்லை. கல் உருண்டது, வட்டம் காலியாக இருந்தது, நீ கேட்டாய், அவர் மறைத்தார், அது உனக்குப் பிடிக்கவில்லை என்று அப்படியே சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "டீச்சர், அதக் கண்டுபிடிச்ச மொத ஆளு ஒங்க மகதான்" என்றார். பிறகு, இறந்துபோன தன் கணவரைப் பற்றிச் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் தாயக்கட்டையோ சீட்டோ, தோற்றுவிட்டால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாராம். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. "இவன் சின்னதுலயே கண்டுக்கிட்டான். அவுகளோட ஒக்காந்தா நைசாத் தோத்துக் குடுத்துருவான். நாங்களும் நிம்மதியாச் சாப்பிடுவோம். அது வெளையாட்டுன்னு நெனச்சேன் டீச்சர். அவன் கொணமாவே ஆயிருச்சு."

மறுநாள் சேதுவே என்னைக் கூப்பிட்டார். அம்மா எல்லாம் சொல்லிவிட்டாராம். நியாயம் பேசவில்லை. "டீச்சர், அவுகளுக்குச் சம்மதம்னா இன்னொரு ஆட்டம் ஆடணும். சம்மதம் இல்லைன்னாலும் ஒண்ணுமில்ல" என்றார். கொஞ்சம் தயங்கி, "இந்தத் தடவ அந்த உருண்டைக்கும் கால் வச்சுருங்க" என்றார். அவருடைய அப்பாவைப் பற்றி நான் உன்னிடம் அப்போது சொல்லவில்லை. ஒரு ஆட்டம் கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன். சொல்லியிருந்தால் நீ இரங்கிப்போய்ச் சரி என்றிருப்பாய். இரக்கப்பட்டு ஒருவரைக் கட்டிக்கொள்வதும் தோற்றுக்கொடுப்பதுதானே. பிறகு அவரே உன்னிடம் சொன்னார் என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மறைத்தது சரியா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

நீயும் சரி என்று ஊருக்கு வந்தாய். இரண்டாவது ஆட்டத்துக்குக் கூட்டம் இல்லை. நீ, சேது, நான், அப்பா. உருண்டையைத் தேய்த்து ஒரு பக்கம் சிதைத்து, கால் வைத்திருந்தேன். நீ முன்னைவிட நன்றாக ஆடினாய். கடைசியில் உன் சிவப்புக் கப்பல் கரையோரம் நின்றது. பகடையை எடுக்கும்போது உன் துப்பட்டா முனை ஒரு கல்லை இழுத்துத் தள்ளிவிட்டது. கப்பலுக்கு வழி திறந்துகொண்டது. நீ கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி இருந்தாய், அதை நான் இன்றுவரை கேட்கவில்லை. சேது காலி வட்டத்தை விரலால் காட்டினார். "மீனா, கல்லு நகந்துருச்சு. வட்டத்துல வைங்க" என்றார். "வச்சா என் கப்பல் போகாது." "போகாதுதான்" என்றார். நீ வைத்தாய். உன் கப்பல் மோதியது. அவருடையது கரை ஏறியது. அவர் ஜெயித்துவிட்டார். உன் முகம் சுண்டிப்போயிற்று. சின்ன வயதிலிருந்தே உனக்குத் தோற்கப் பிடிக்காது. அவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை. உன் முன்னால் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்திருந்த தட்டு. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். நீ கப்பலைத் தூக்கி ஓரமாகப் போட்டாய். "அடுத்த ஆட்டத்துல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பணியாரத்தை எடுத்துச் சட்னியில் முக்கி வாயில் போட்டாய். அப்புறம் இன்னொன்று. சேது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவர் முதுகு நாற்காலியில் பட்டது அப்போதுதான்.

அதற்குப்பிறகு நீங்கள் எத்தனை ஆட்டம் ஆடினீர்கள், என்ன பேசினீர்கள், எப்போது முடிவெடுத்தீர்கள் என்பதெல்லாம் உங்கள் சொந்த விஷயம். நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். விட்டுக்கொடுத்துப் போ என்று உனக்குச் சொல்லி வளர்த்தவள் நான். இப்போது அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். விட்டுக்கொடு, ஆனால் அவருக்குத் தெரியும்படி விட்டுக்கொடு. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் வை. அவர் பழைய பழக்கத்துக்குத் திரும்பிப்போகும் நாட்கள் வரும். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அப்போது சண்டை போடாதே, காலியாக இருக்கும் வட்டத்தைக் காட்டு. உனக்கும் ஒன்று: தோற்ற அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துவிடாதே. உனக்கு அது கோபம், அவருக்கு அது வேறு.

எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். காலையில் கடைக்குப் போவதில்லை, மாடியில் கத்தரி வைத்திருக்கிறேன். ஆனாலும் அப்பா காபியைக் குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்றால், நெசமா என்று கேட்டுத் தொந்தரவு செய்கிறேன். நேற்று, "சர்க்கரை கம்மி. சொல்லிட்டேன், போதுமா?" என்றார். எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. உன் சீர்ச் சாமான்களோடு வைக்க ஒரு பெட்டி நிறையக் கல் செய்து வைத்திருக்கிறேன். ராணி அத்தை பார்த்துவிட்டு, "வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்துலயா?" என்றாள். பக்கத்தில்தான்.

புது வீட்டுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு முட்டை அட்டையைப் பாதியாகக் கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு தனித்தனியாக ஒரு கல் செய்யுங்கள். ஒருவர் கல்லை மற்றவர் திருத்தாமல் இரண்டுக்கும் கால் வைத்து, வட்டம் போட்டு, ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள்.

அன்புடன்,
அம்மா